வீட்டுக் கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிக்க வரவில்லை: பதில்

நீளமாக ஜெபிக்க அவசியமே இல்லை, சிஸ்டர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது தொண்டை அடைத்துப்போகிறது என்றீர்கள். ஒரே வரி போதும்: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." லூக்கா 18-இல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், செய்த ஜெபம் அவ்வளவுதான். அவனே நீதிமானாக வீடு திரும்பினான் என்கிறார் இயேசு.

பெரும்பாலும் காரணம் இதுதான்: மற்றவர்கள் பேசும் 'ஸ்தோத்திரிக்கிறோம், துதிக்கிறோம்' தமிழிலேயே நீங்களும் பேசப் பார்க்கிறீர்கள். அது பழகினவர்களுக்குத் தானாக வரும். நீங்கள் அம்மாவிடம் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள்.

இன்றிரவு தனியாக ஒன்று செய்து பாருங்கள். மத்தேயு 6:9-13, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, உங்கள் வார்த்தையில் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் எனக்கு எப்போதும் அடுப்படி மூலையில் இருக்கும் அரிசி மூட்டைதான் கண்ணில் படும். மாதக் கடைசியில் அது பாதியாகச் சரிந்து கிடக்கும். சரி, அதையே சொல்லிவிடுவேன்.

தனியாக வார்த்தை வந்தால், உங்களுக்கு இருப்பது கூட்டத்துப் பயம் மட்டுமே. தனியாகவும் வரவில்லையா? சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீதே கேட்கிறார், நீங்களும் கேட்கலாம்.

ஒன்று மட்டும்: வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் இருந்தால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள், டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.