பெட்ரோவிச் வாயைத் திறந்த இடமும் திறக்காத இடமும்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் போன மாசம் குரோஷியக் கூடைப்பந்துக்காரர் டிராசன் பெட்ரோவிச் பற்றி எழுதினதை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். ஒரே மட்ச்ல 112 புள்ளி அடிச்ச மனுசன் அமெரிக்காவுக்குப் போய் பெஞ்சில குந்தியிருந்தவர் எண்டு வாசிக்க ஒரு மாதிரிப் போச்சு. எனக்கு வயசு 19, நானும் அவரைப் போல ஷூட்டிங் கார்ட் தான், தூர நிண்டு பந்து போடுற இடம், ஆனா ரெண்டு வருசமா பெஞ்ச். என்ர இடத்தில விளையாடுறவன் என்ர சிநேகிதன், ஒண்டாம் வகுப்பில இருந்து ஒண்டாத் திரிஞ்சனாங்கள், இப்ப கதைக்கிறேல்ல, சண்டை எண்டும் இல்லை, அப்பிடியே நிண்டு போச்சு. அம்மா பொறுமையா இரு எண்டுறா. பெட்ரோவிச்சும் பொறுமையா இருந்துதானே மேல வந்தவர்? நான் இருக்கிறதா விடுறதா எண்டு சொல்லுங்கோ.

ஒரு வாசகன், கிளிநொச்சி

தம்பிக்கு,

பொறுமையா இருந்து மேல வந்தவர் எண்டு உமக்கு விளங்கியிருந்தா நான் சரியா எழுதேல்ல எண்டு அர்த்தம், முதல்ல அதைத் திருத்துறன். பெட்ரோவிச் பொறுமையா இருக்கேல்ல.

அந்த 112ஐ ஒருபக்கம் வையும். அது 1985 ஒக்டோபர், ஸக்ரெப் சிபோனா ரீமுக்கு விளையாடேக்க அடிச்சது, ஆனா அண்டைக்கு எதிர்ப்பக்கம் லுப்லியானாக்காரர் இறக்கினது ஜூனியர் பெடியள. அவரை அளக்கிறதெண்டா 1989ஐப் பாரும். ரியல் மட்ரிட்டுக்காக ஒரு ஐரோப்பியக் கோப்பை பைனல், எதிர்ப்பக்கம் இத்தாலியின்ர கசேர்ட்டா, அதில பிரேசில்காரன் ஒஸ்கார் ஷ்மிட் 44 அடிக்கிறான், இவர் 62 அடிக்கிறார், எக்ஸ்ட்ரா டைம் போய் 117க்கு 113 எண்டு மட்ரிட் வெல்லுது. இதே மனுசன் தான் அதே வருசக் கடைசியில அமெரிக்காவின்ர என்பிஏ லீக்கில போர்ட்லண்ட் ரீமுக்குப் போய் ஒரு மட்ச்சுக்கு 12 நிமிசமளவில விளையாடினவர். அவருக்கு முன்னுக்கு கார்ட் இடத்தில கிளைட் டிரெக்ஸ்லர், டெரி போர்ட்டர், ரீம் 1990ல பைனல் வரைக்கும் போனது, அப்ப கோச்சுக்கு ஆளை மாத்த வேண்டிய தேவை இல்லை. அடுத்த சீசன் டேனி எய்ஞ்ச் எண்ட இன்னொரு கார்ட்டையும் கொண்டு வந்திட்டினம். முதல் 38 மட்ச்ல 20ல இவர் கோட்டுக்குள்ள கால் வைக்கவே இல்லை.

இஞ்சதான் நீர் கவனிக்கோணும். அவர் தலையைக் குனிஞ்சு கொண்டு இருக்கேல்ல, என்னை விளையாட விடுங்கோ இல்லாட்டி வேற இடத்துக்கு அனுப்புங்கோ எண்டு நேராக் கேட்டவர், பேப்பர்காரருக்கும் ஒளிக்காமல் சொன்னவர். 1991 ஜனவரியில நியூ ஜெர்சி நெட்ஸுக்கு மாத்தினவை, தோத்துக்கொண்டிருந்த ரீம், பெரிய பேர் ஒண்டும் இல்லை. அதுக்கு அடுத்த சீசன் 82 மட்ச்சும் விளையாடினார், சராசரி 20.6 புள்ளி. அதுக்கு அடுத்தது 22.3, லீக்கின்ர சிறந்த பதினைஞ்சு பேரில ஒருத்தர். அதே கை தான், 12 நிமிசம் 37 நிமிசமாப் போச்சு. ஷிபெனிக் எண்ட அந்தக் கடற்கரை ஊரில சின்ன வயசில பள்ளிக்கூடத்துக்கு முன்னம் விடியக்காலமை ஜிம்முக்குப் போய் நூற்றுக்கணக்கில ஷூட் பண்ணிப்போட்டு வகுப்புக்குப் போன ஆள், அந்தப் பழக்கத்தை பெஞ்சில இருக்கேக்கயும் விடேல்ல, அதால தான் நிமிசம் கிடைச்ச உடன கை ரெடியா இருந்தது.

அதால கோச்சிட்டப் போம். ஏன் என்னை எடுக்கிறியள் இல்லை எண்டு கேளாதேயும், அதுக்கு ஆருமே ஒழுங்காப் பதில் சொல்ல மாட்டினம். எதைத் திருத்தினா எனக்கு எத்தினை நிமிசம் தருவியள் எண்டு கேளும். அதுக்கும் பதில் இல்லையெண்டா வவுனியாவோ யாழ்ப்பாணமோ எங்க உம்மை விளையாட விடுவினமோ அங்க பஸ் ஏறும், அது விளையாட்டை விடுறதில்லை. அம்மா சொல்லுறது தாய் மனசு, நான் அவவோட வாதாடேல்ல, ஆனா 19 வயசில ரெண்டு வருசம் எண்டுறது சின்னக் கணக்கில்லை தம்பி.

பிழையாப் பழகினாலும் காலம் போகும், அதையும் சொல்லோணும். 1995 இடப்பெயர்வில நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து மல்லாவியில இருக்கேக்க வளவுக்குள்ள ஒரு முதிரைக் குத்தியை நட்டு சைக்கிள் ரிம்மை அடிச்சு வச்சு நானும் ஒரு சிநேகிதனும் விளையாடினனாங்கள். பந்துக்குக் காத்தடிக்கிற ஊசி எங்கயும் கிடைக்காது, ஆஸ்பத்திரியில எறியிற ஊசியின்ர முனையைக் கல்லில தேய்ச்சு சைக்கிள் பம்ப்பில கட்டித்தான் காத்தடிக்கிறது. ஒரு வருசம் நல்லா விழுந்தது. பேந்து தான் தெரிஞ்சது உண்மையான ரிங் 45 சென்டிமீற்றர், பெரிய சைக்கிள் ரிம் அதை விட எவ்வளவோ அகலம். சின்னப்பிள்ளையளின்ர சைக்கிள் ரிம் ஒண்டைத் தேடி மாத்தினம், முதல் நாள் ஒண்டுமே விழேல்ல, பந்து எல்லாம் விளிம்பில பட்டுப் பட்டு வேலிக்கு அங்கால போச்சு. அவன் தான் திரும்பத் திரும்ப ஓடி எடுத்து வந்து தந்தவன்.

இனி உம்மட சிநேகிதன். நீர் அதைக் கடிதத்தின்ர நடுவில ஒரு வரியில எழுதிப்போட்டுப் போயிட்டீர், எனக்கு அது தான் மனசில நிக்குது. பெட்ரோவிச்சும் விளாடே டிவாட்ஸும் யூகோஸ்லாவியா ரீமில ஒரு அறையில படுத்தெழும்பினவை, ஒரே வருசம் அமெரிக்காவுக்குப் போனவை, அவர் லொஸ் ஏஞ்சல்ஸ், இவர் போர்ட்லண்ட், போனில கதைச்சுத்தான் அந்தத் தனிமையைக் கடந்தவை. 1990ல புவெனஸ் ஐரஸ்ல உலகக் கோப்பை வெண்ட அண்டைக்கு ஒருத்தன் குரோஷியக் கொடியோட கோட்டுக்குள்ள வர டிவாட்ஸ் அதைப் பறிச்சு எறிஞ்சிட்டார். அப்ப சேர்பியாவும் குரோஷியாவும் யூகோஸ்லாவியா எண்ட ஒரே நாட்டுக்குள்ள, டிவாட்ஸ் சேர்பியர், பெட்ரோவிச் குரோஷியர், அடுத்த வருசம் யுத்தம். பேச்சு நிண்டுது. என்னை வித்துவிடுங்கோ எண்டு ஒரு முழு ரீமுக்கே முகத்துக்கு நேர சொன்ன மனுசன் இதில மட்டும் வாயைத் திறக்கேல்ல. 1993 ஜூன் 7, ஜெர்மனியில மழை ரோட்டில பெட்ரோவிச் போன கார் லொறியோட அடிபட்டு 28 வயசில முடிஞ்சுது. கன வருசத்துக்குப் பிறகு டிவாட்ஸ் ஸக்ரெப்புக்குப் போய் பெட்ரோவிச்சின்ர தாயைக் கண்டவர், கல்லறைக்கும் போனவர்.

வேலிக்கு அங்கால ஓடிப் பந்து எடுத்துத் தந்தவனோட நானும் 2006ல ஒரு சின்ன விசயத்தில கதைக்காமல் விட்டனான். 2009க்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இதை இதுவரை நான் எங்கயும் எழுதேல்ல.

நாளைக்குப் பின்னேரம் பிராக்டிஸ் முடிய அவன் சைக்கிளை எடுக்கேக்க போய்ப் பக்கத்தில நில்லும். பழசு ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. நூறு ஷூட் பண்ணப்போறன், பந்து எடுத்துத் தர ஒரு ஆள் வேணும் எண்டு கேளும். தனிய நிண்டு ஷூட் பண்ணினா பந்துக்குப் பின்னால ஓடுறதிலயே பாதி நேரம் போயிடும், ஒரு ஆள் உண்மையாவே வேணும்.