குதி வலிக்குச் சப்பாத்து ஆசைதான் காரணமா?

கேள்வி: வயது 29. கிளிநொச்சியில் இருந்து மாங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிப்பிக்கிறேன். சப்பாத்து, செருப்பு வாங்குவதென்றால் எனக்குச் சரியான விருப்பம், இப்போது 14 சோடி இருக்கிறது. சாறி அதே ஆறேழுதான், காலுக்குப் புதுசு போட்டால் அதுவும் புதுசு மாதிரி ஆகிவிடும். இரண்டு மாதமாகக் காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைத்ததும் குதியில் ஒரே குத்து. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. "உந்தச் சப்பாத்துப் பைத்தியத்தால்தான்" என்கிறார் அம்மா. உண்மையா டொக்டர்?

பதில்: அம்மா சொல்வது பாதி சரி ரீச்சர். 14 சோடி இருப்பதால் ஒருவருக்கும் குதி வலிக்காது, அந்த 14இல் எதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில் நிற்கிறீர்கள் என்பதுதான் விசயம்.

உள்ளங்காலில் குதி எலும்பில் இருந்து விரல்வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது குதியோடு ஒட்டும் இடம் நொந்து போனால், இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்துவிட்டு முதல் அடியில் இழுபடும்போது குத்தும். நீங்கள் சொல்வது அநேகமாக அதுதான். எல்லோரும் உயரக் குதிச் செருப்பைத்தான் திட்டுவார்கள், ஆனால் அடி மெல்லிய தட்டைச் செருப்பும் இதில் லேசுப்பட்டதில்லை. வீட்டில் வெறுங்காலோடு திரிவதும் அப்படித்தான், ஆகவே வீட்டுக்குள்ளும் ஒரு மெத்தென்ற செருப்பு வையுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போகிற நேர்த்தி ஏதும் இருந்தால், வலி தீரும்வரை அம்மாளாச்சி பொறுத்துக்கொள்வா.

இன்றைக்கே எல்லாச் சோடியையும் விறாந்தையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் துவாய் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள், சுலபமாக முறுகினால் அது கலியாண வீட்டுக்கு மட்டும், பள்ளிக்கூடத்துக்கு இல்லை. விரல் மடிகிற இடத்தில் வளையலாம், நடுவில் மடியக்கூடாது. குதி 2 - 3 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் நல்லது. பிறகு ஒரு கொப்பித் தாளில் எழும்பி நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு கீறி, சப்பாத்தை அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அதற்குள் உங்கள் விரல்கள் நெரிபடுகின்றன, பெருவிரல் மூட்டு வெளியே தள்ளுவதையும் அது கூட்டும். பெட்டிக்குள் வருசக்கணக்கில் பூட்டி வைத்தது இருந்தால் அடியை அமத்திப் பாருங்கள். பொலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்ரிக்கில் செய்த அடி ஈரக்காற்றில் தானாகவே உக்கும், போடாமல் பொத்திப் பொத்தி வைத்தவைதான் ஏ9 வீதி நடுவில் கழன்று மானத்தை வாங்கும்!

இனி வாங்கும்போது பின்னேரம் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள், பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்கவேண்டும். "போடப் போட விரியும்" என்று கடைக்காரத் தம்பி சொல்வார், நம்பவேண்டாம். ஒரே சோடியைத் தினமும் போடாமல் மாற்றி மாற்றிப் போடுவது நல்லதுதான், வேர்வை காயும், விரலிடுக்கில் பங்கசும் குறையும். அந்த வகையில் உங்கள் ஆசைக்கு நான் ஆதரவு.

வலிக்கு: கட்டிலால் இறங்க முதல், துவாயை முன்பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள், மூன்று தரம். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலையும் நீட்டுங்கள். பின்னேரம் உறைந்த தண்ணீர்ப் போத்தலை உள்ளங்காலால் பத்து நிமிசம் உருட்டலாம். ஒரு கிழமையில் மாறாது, சில மாதம் பிடிக்கும், விட்டுவிடாதீர்கள். ஊசி போடுவதைப் பற்றி இப்போது யோசிக்கத் தேவையில்லை. விறைப்பு, வீக்கம், காய்ச்சல், படுத்திருக்கும்போதும் வலி என்று ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதோ தெரியாது. இருந்தால், உங்களுக்கு இறுக்கமான செருப்பை வீணாகப் போகுதே என்று அவவிடம் கொடுத்துவிடவேண்டாம். சீனி வருத்தத்தால் கால் விறைத்தவருக்குச் செருப்புக் கடித்த புண் தெரியாது, கிளினிக்கில் நாங்கள் பார்க்கும்போது அது ஆழமாகப் போயிருக்கும்.