உயிரியல் மாணவிக்குப் பூர்வகுடிப் பாடம் எதற்கு?

கேள்வி: என் மகள் கனடாவின் வின்னிபெக் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இளநிலைப் படிப்பில் சேரவிருக்கிறாள். பூர்வகுடி மக்கள் தொடர்பான பாடம் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டுமாம். துறைக்குச் சம்பந்தமில்லாத பாடத்துக்குப் பணம் கட்டுவது வீண் அல்லவா? எந்தப் பாடத்தை எடுப்பது நல்லது?

பதில்: முதலில் பணக் கவலையை விடுங்கள். 2016 முதல் அங்கு நடைமுறையில் உள்ள இந்த மூன்று கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) பாடம், பட்டத்துக்குரிய மொத்தக் கிரெடிட்டுகளுக்குள்ளேயே அடங்குவது.

பூர்வகுடிக் குழந்தைகள் சுமார் 1,50,000 பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த கனடாவின் உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த 'உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம்' 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. கல்வியைப் பற்றியவையும் அவற்றுள் உண்டு. அந்த வரலாற்றை அறிவது அந்நாட்டில் வாழப்போகும் எவருக்கும் கடமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் உங்கள் மகளின் துறைக்கே இப்பாடத்தால் நேரடிப் பயன் உண்டு என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அண்டை நிலமான அலாஸ்காவில் நடந்ததைப் பாருங்கள். ஆர்க்டிக் கடலில் வாழும் போஹெட் திமிங்கிலங்கள் அங்கு இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்ற அறிவியலாளர்களின் கணிப்பை நம்பி, 1977இல் சர்வதேச திமிங்கில ஆணையம் அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்களின் வாழ்வாதார வேட்டைக்குத் தடை விதித்தது. பனிவிளிம்பில் நின்று, திறந்த நீரில் கண்ணுக்குத் தென்பட்டவற்றை எண்ணியே அந்தக் கணிப்பு செய்யப்பட்டிருந்தது. திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் நீந்திச் செல்லும், பனியை முட்டி உடைத்து மூச்சுவிடும், கண்ணுக்கெட்டாத தொலைவிலும் கடந்து போகும் என்று வேட்டைக்காரர்கள் எடுத்துச் சொன்னார்கள். பின்னர் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோதும், வானிலிருந்து கணக்கெடுத்தபோதும் அவர்கள் சொன்னதே சரியென்று தெரிந்தது. மதிப்பீடு பல மடங்கு உயர்ந்தது. கருவிகள் சரியாகவே இருந்தும் எங்கே தேட வேண்டும் என்பது தெரியாமல் போனதுதான் அங்கு நேர்ந்த பிழை. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தை உற்றுநோக்கியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும், அவர்கள் சொல்வதைச் சோதித்தறியவும் பழகுவது உயிரியலாளருக்கு ஆய்வகப் பயிற்சிக்கு நிகரானது.

கிழக்குக் கனடாவின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் மூத்தோரான ஆல்பர்ட் மார்ஷல் முன்வைத்த 'இரு கண் பார்வை' என்ற கருத்தும் இதையே வலியுறுத்துகிறது: ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் வலிமையையும் மறு கண்ணால் மேலை அறிவியலின் வலிமையையும் கண்டு, இரண்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்கிறார் அவர்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிடப் பாடத்திட்டத்தையும் கற்பிப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்தவரோ அவர்களோடு நெடுங்காலம் பணியாற்றியவரோ நடத்தும் பாடமாக இருப்பது நல்லது. சூழலியல், உணவு, நலவாழ்வு, நில உரிமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொடும் பாடம் கிடைத்தால் அதையே எடுக்கலாம். வகுப்பறைக்கு வெளியே நிலத்தில் கற்கும் பகுதியும் இருந்தால் இன்னும் சிறப்பு. பண்டிகைகளையும் கைவினைகளையும் மட்டும் மேலோட்டமாகச் சொல்லிவிட்டு நகர்கிற பாடத்தால் அதிகப் பயன் இராது.

பிற்காலத்தில் களஆய்வு செய்ய எண்ணினால், சேகரிக்கும் தரவு யாருக்குரியது, யார் அனுமதி தர வேண்டும் என்பதை அச்சமூகத்தோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்வது அங்கு இன்று எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு. மூத்தோரிடம் அறிவுரை கேட்கச் செல்லும்போது புகையிலையைக் காணிக்கையாகக் கொடுக்கும் மரபு வின்னிபெக் பகுதிப் பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில் உண்டு. எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதை ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.