கொதிக்க வைத்தால் போதுமா, அக்கா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை போகிறது. சில காலைகளில் நுரை கட்டி, சாய வாடை அடிக்கிறது. மாமியார் அந்தத் தண்ணீரைத்தான் கீரைப் பாத்திக்கு ஊற்றுகிறார். கொதிக்க வைத்தால் குடிக்கவே செய்யலாம் என்கிறார். உண்மையா அக்கா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: என் பெயரைச் சொல்லி மாமியாரைத் தடுத்துவிடுங்கள், திட்டு எனக்கே விழட்டும். கொதிக்கும் நீரில் சாவது கிருமி மட்டும்தான். சாயமும் பூச்சிமருந்தும் ஈயமும் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, உலோகங்கள் பானையில் இன்னும் அடர்த்தியாகத் தங்கும். கீரைக்கும் வேண்டாம்.

நுரையும் நிறமும் இல்லாத நாளில் ஓடை நல்லது என்றும் எண்ணாதீர்கள். கேட்டோ ரிட்ஜில் இருந்த தோர் கெமிக்கல்ஸ் ஆலையை வயதானவர்களுக்கு நினைவிருக்கும். வெளிநாடுகளின் பாதரசக் கழிவை இங்கே இறக்குமதி செய்த ஆலை அது. அங்கிருந்து உம்கேனி ஆற்றுக்கு ஓடும் ஓடையில் பாதரசம் கலந்திருப்பது 1980களின் இறுதியில் வெளியே வந்தது. தொழிலாளர்கள் நோயுற்றார்கள், உயிர்களும் போயின. பாதரசம் கரைந்த தண்ணீர் கண்ணுக்குப் பளிங்காகத்தான் தெரியும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நுரை வரும் நாளையும் மணியையும் குறித்து வையுங்கள், படம் எடுங்கள். கழிவை இரவிலோ மழையிலோ திறந்துவிடுவது ஆலைகளின் பழைய தந்திரம். ஆய்வாளர் காலை பத்து மணிக்கு வந்து பார்க்கும்போது ஓடை சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் குறிப்பு இருந்தால் அவர் வர வேண்டிய நேரத்துக்கு வருவார். ஆலையின் கழிவுக் குழாய் ஓடையில் சேரும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி என்று இரண்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால், 'அழுக்கு மேலிருந்தே வந்தது' என்று ஆலை கைகழுவிவிடும். நான் கண்ட வழக்குகளில் பாதி அங்கேதான் செத்தன. ஆலைக்கு நகராட்சி கொடுத்த கழிவுநீர் அனுமதியின் நகலை, 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அவகாசம் கேட்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: 2021 ஜூலைக் கலவரத்தில் கோர்னூபியா ரசாயனக் கிடங்குக்குத் தீ வைத்தவர்கள் கலகக்காரர்கள். நிறுவனத்தை ஏன் குறை சொல்கிறீர்கள்? அதுவும் நம் இந்தியாவிலிருந்து வந்த நிறுவனம்.
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: மாமன் வீட்டு நாய் என்றால் கடி வலிக்காதா தம்பி?

தீ வைத்தவன் குற்றவாளி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உம்லாங்கா முகத்துவாரத்தில் மீன்கள் செத்து மிதந்தது தீயினால் அல்ல. தீயை அணைக்க அடித்த தண்ணீர், கிடங்கிலிருந்த பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் அள்ளிக்கொண்டு ஓடையில் இறங்கியது. தண்ணீர் நீலமாக ஓடியது. அந்தப் பக்கக் கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. விஷம் வைத்திருக்கும் கிடங்கில் தீப்பிடித்தால் அணைக்கும் நீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு, கட்டும்போதே பதில் இருக்க வேண்டும். அந்த நீரைத் தேக்கும் தொட்டியும் தடுப்புச் சுவரும் அதற்காகத்தான். தீ வைத்தது கலகக்காரனா, மின்கசிவா என்று அந்தச் சுவர் கேட்பதில்லை.

அந்தக் கிடங்கை நடத்திய யுபிஎல் நிறுவனம் பெற்றிருக்க வேண்டிய சில அனுமதிகளைப் பெறவில்லை என்று அரசின் விசாரணை அறிக்கை அதே ஆண்டு சொன்னது. நிறுவனம் மறுத்தது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தில் 19ஆம் பிரிவைப் படியுங்கள். நிலத்தை வைத்திருப்பவரோ பயன்படுத்துபவரோ, அங்கிருந்து நீர் மாசடையாமல் தடுக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அரசே சுத்தம் செய்துவிட்டுச் செலவை அவர்களிடம் வசூலிக்கலாம். லாபம் அவர்களுக்கு, சுத்தம் செய்யும் செலவு உங்கள் வரிப்பணத்துக்கு என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. வேலை கொடுத்தார்கள் என்பீர்கள். கொடுத்தார்கள்தான். மீன் பிடித்துப் பிழைத்தவனுக்கு அந்த மீன்பிடிப்பும் வேலைதானே?

கேள்வி: பதினாறாம் நாள் காரியத்துக்கு புளூ லகூன் போகிறோம். தண்ணீரில் இறங்கலாமா?
– ஒரு வாசகர், ரிசர்வாய்ர் ஹில்ஸ்

பதில்: புளூ லகூன் உம்கேனி ஆறு கடலில் சேரும் இடம். இந்த ஒன்றில் குற்றவாளி ஆலை அல்ல, சாக்கடை. 2022 ஏப்ரல் வெள்ளம் 400க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனதோடு, கழிவுநீர் நிலையங்களையும் உடைத்தது. உம்கேனியில் மலக்கிருமி ஏறியது, கடற்கரைகள் திரும்பத் திரும்ப மூடப்பட்டன. நகராட்சியும் ஒரு மாசுபடுத்துபவர்தான். அவர்களிடமே சம்பளம் வாங்கியவள் சொல்கிறேன்.

போகும் வாரத்தின் பரிசோதனை முடிவை நகராட்சியிடம் கேளுங்கள். மழைக்கு அடுத்த சில நாட்கள் வேண்டவே வேண்டாம். காலில் புண் இருப்பவரும் சிறு பிள்ளைகளும் கரையிலேயே நிற்கட்டும். தலைக்குத் தெளிக்கும் நீரை வீட்டுக் குழாயில் பிடித்துச் செம்பில் கொண்டுபோங்கள். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்தபின் யாருக்காவது பேதி கண்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரையும் மட்டமாக அளந்து கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.