கைவினைக் கேள்வி பதில்: அம்மாவின் காப்பும் மிஞ்சிய ஒரு படமும்

கேள்வி: எங்கள் வீட்டு அல்பங்கள் அனைத்தும் 2004 ஆம் ஆண்டுச் சுனாமியோடு போய்விட்டன. பதுளையில் சித்தியின் வீட்டில் இருந்ததால் அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மட்டும் தப்பியது. அம்மா சென்ற ஆண்டு காலமானார். ஆண்டுத் திவசத்துக்கு வரும் என் உடன்பிறந்தார் நால்வருக்கும், அம்மாவின் கண்ணாடிக் காப்பு, சீலை, பொத்தான் ஆகியவற்றைக் கொண்டு அவரது முகம் உள்ள சிறு தொங்கட்டான் செய்து கொடுக்க ஆசைப்படுகிறேன். இதற்குப் படத்தை வெட்டித்தான் ஆக வேண்டுமா?
(கல்லடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வெட்டவே வேண்டாம், சகோதரி. அந்தப் படத்தின் மீது கத்தரிக்கோலோ பசையோ படாமல் நீங்கள் நினைத்ததைச் செய்து முடிக்க முடியும். பல வருடங்களுக்கு முன் நான் என் அப்பாவின் ஸ்ரூடியோப் படம் ஒன்றை வட்டச் சட்டத்துக்குள் பொருத்துவதற்காக வெட்டினேன். அப்பாவின் தோளில் யாரோ ஒருவருடைய கை இருந்தது. வெட்டியெறிந்த பக்கத்தில் நின்றவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்று எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. அதனால்தான் இந்தக் கைவேலையைப் பற்றி யார் கேட்டாலும் மூலப்படத்தைப் பற்றியே முதலில் பேசுகிறேன்.

படத்தை ஸ்கேன் செய்யும் வசதியுள்ள ஸ்ரூடியோவுக்கு நீங்களே எடுத்துச் சென்று, அருகில் நின்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். 600 டிபிஐ அளவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், எடுக்கச் சொன்னால், படம் கடவுச்சீட்டுப் படமளவு சிறியதாக இருந்தாலும் அதை இரு மடங்கு பெருப்பித்துத் தெளிவாக அச்சிடலாம். படம் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மேற்பரப்பில் ஜெலட்டின் என்னும் மெல்லிய படலம் இருக்கும். வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்வதால், இழுக்கும்போது முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியிருந்தால் கண்ணாடியோடு வைத்தே பிரதி எடுப்பது போதுமானது.

இனிக் காப்பு. பெரியவர்களின் கண்ணாடிக் காப்பு ஒன்றின் உள்விட்டம் பெரும்பாலும் இரண்டே கால் அங்குலத்தை ஒட்டியிருக்கும். அதாவது ஏறக்குறைய 5.7 சென்றிமீற்றர். முகமும் தோளும் அதற்குள் அடங்குமாறு பிரதியைச் சிறிதாக்கி அச்சிட வேண்டும். முகத்தை மட்டும் நெருக்கி எடுக்காமல் கழுத்தும் தோளும் சற்றுத் தெரியும்படி விடுங்கள். அப்போதுதான் பார்க்கும் கண்ணுக்கு அம்மா அம்மாவாகத் தெரிவார்.

பலர் காப்பைப் பசையால் அட்டையில் ஒட்டப் பார்த்துத் தோற்றுப்போகிறார்கள். வெள்ளைப் பசை தன்னிடமுள்ள நீரைத் தாளும் துணியும் உறிஞ்சுவதால் இறுகுவது. கண்ணாடி எதையும் உறிஞ்சாது என்பதால் சில நாளில் கழன்றுவிடும். ஆகவே தைப்பதையே நான் விரும்புகிறேன். சீலையின் ஓரத்திலிருந்து அரை அங்குல அகலத்தில் நீளமான நாடா ஒன்றைக் கிழித்து, காப்பைச் சுற்றிச் சாய்வாக, ஒரு சுற்றின் விளிம்பு அடுத்த சுற்றால் மூடப்படும்படி இறுக்கமாகச் சுற்றுங்கள். பாடசாலைக் கொப்பியின் மட்டையைக் காப்பின் வெளிவிட்டத்துக்கு வட்டமாக வெட்டி, அதன் பின்பக்கத்தைச் சீலைத்துணியால் மூடி, துணியின் விளிம்பை முன்பக்கம் மடித்துக்கொள்ளுங்கள். பிரதியை நடுவில் வைத்து, துணி சுற்றிய காப்பை மேலே அமர்த்தி, காப்பின் துணியையும் மட்டையின் துணியையும் சேர்த்து ஓரம் முழுவதும் ஊசியால் தைத்துவிட்டால், பசை ஒரு துளியும் இல்லாமலே படம் நடுவில் நிற்கும். தைத்து மூடுவதற்கு முன் தொங்கவிடும் நூலை உச்சியில் செருகிவிட மறக்க வேண்டாம். நாடா முடியும் இடத்தை மறைக்க அம்மாவின் பொத்தான் ஒன்று அங்கே அமரட்டும்.

அம்மா கைப்பட எழுதிய சாமான் பட்டியலோ, கடிதத்தின் ஒரு வரியோ கிடைத்தால் அதையும் பிரதியெடுத்துப் பின்பக்கத்தில் வைக்கலாம். முகத்தைக் காட்டிலும் கையெழுத்து சிலருக்கு நெருக்கமானது என்பதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: பால்மா டின் மூடிகளில் பிள்ளைகளின் படங்களை ஒட்டி நத்தார் மரத்தில் தொங்கவிட்டேன். தை பிறப்பதற்குள் ஓரங்கள் எழும்பி, நிறம் கசிந்து, துருப்புள்ளிகளும் வந்துவிட்டன. எங்கே பிழை?
(கல்முனையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மூன்று குறைகளுக்கும் மூன்று காரணங்கள் உண்டு. நிறம் கசிந்ததற்குக் காரணம் வீட்டு இங்க்ஜெட் அச்சாக இருக்க வேண்டும். அதன் மையில் பெரும்பாலும் நீரே கலந்திருப்பதால் நீர்ப்பசை பட்டதும் கரையும். லேசர் அச்சு தூளை வெப்பத்தால் தாளில் உருக்கிப் பதிப்பது என்பதால் அவ்வாறு கரையாது. ஓரம் எழும்பியது, தாள் மார்கழி ஈரத்தைக் குடித்து விரிய, டின் விரியாமல் நிற்பதால். மெல்லிதாகப் பசை பூசி, பாரமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்து, மறுநாள் படத்தின் மேலும் குறிப்பாக அதன் ஓரத்திலும் நிறமற்ற வார்னிஷை இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு பூச்சும் நன்றாக உலர்ந்த பின், தடவுங்கள். ஈரம் புகுவது ஓரத்தால்தான். துருவுக்கு உப்புக்காற்றே காரணம். ஒட்டுவதற்கு முன் மூடியின் இரு பக்கமும் எனாமல் பெயின்ற் அடித்திருக்க வேண்டும்.

உங்கள் பகுதியில் எனக்குப் பிடித்தது சிரட்டையே. துருவிய பின் நன்றாகக் காயவைத்து, நாரைச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய சிறிய சிரட்டையின் குழிக்குள், மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் பழைய துண்டொன்றை விரித்து, அதன்மேல் படத்தை வைத்தால் துருவும் இல்லை, கடையில் வாங்க வேண்டிய பொருளும் அதிகமில்லை. இந்த வேலையை ஆவணி, புரட்டாசி வெயிலிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஆண்டு இறுதியில் ஒவ்வொருவரும் தம் படம் உள்ள பதக்கம் ஒன்றைச் செய்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். செலவு குறைவாக ஒரு வழி சொல்லுங்கள்.
(அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: சோடாப் போத்தல் மூடிகளைச் சேர்த்து வையுங்கள். ஓர் அங்குல வட்டம் அவற்றின் உட்பக்கத்தில் பொருந்தும்; முப்பது முகங்களையும் ஒரு வட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த வட்டத்தின் நடுவுக்கு 3 சென்றிமீற்றர் இருக்கும்படி வரிசைப்படுத்தினால் ஒரே ஏ4 தாளில், ஒரே லேசர் அச்சில் வேலை முடியும். மூடியில் துளையிடுவதை நீங்களே செய்து, கூரான விளிம்பைத் தட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கு வெள்ளைப் பசை மட்டும் கொடுங்கள். சூப்பர் குளூவும் சூட்டுப் பசைத் துப்பாக்கியும் உங்கள் மேசையிலேயே இருக்கட்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பதக்கத்தை எட்டாத உயரத்தில் தொங்கவிடும்படி பெற்றோருக்கு ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி அனுப்புங்கள்.