பூட்டிக் கிடக்கும் டவுன்டவுன் கட்டடங்கள்: வாசகர் கேள்விகள்

அமெரிக்கச் சிறு நகரங்களின் டவுன்டவுனில், அதாவது நடுக் கடைத்தெருவில், பூட்டிக் கிடக்கும் பழைய செங்கல் கட்டடங்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட கட்டடங்களைச் செப்பனிடுவதுதான் என் தொழில். எல்லாக் கடிதங்களிலும் முதலில் பணத்தைத்தான் கேட்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் அரசின் சலுகை வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். கூரையோ இன்றைக்கே ஒழுகிக்கொண்டிருக்கும். அதனால் எதை முதலில் செய்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஓஹையோவில் 1905-இல் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் 1,50,000 டாலருக்கு வருகிறது. பதினைந்து வருடமாகக் காலி. செலவில் 20 சதவீதத்தை அரசு தருமாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் யாரும் காசோலை எழுதித் தர மாட்டார்கள். மத்திய அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரியில் கழித்துக்கொள்ளும் டாக்ஸ் கிரெடிட் இது. வருமானத்தில் கழிக்கிற டிடக்‌ஷன் வேறு, வரியிலேயே கழிக்கிற கிரெடிட் வேறு. கிரெடிட்டில் ஒரு டாலர் என்றால் வரியில் முழுசாக ஒரு டாலர் குறையும்.

மூன்று விஷயங்கள் பொருந்தி வர வேண்டும். கட்டடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் தனியாகவோ, பதிவான ஒரு வட்டாரத்தின் பகுதியாகவோ இருக்க வேண்டும். கடை, அலுவலகம், வாடகை வீடு என்று வருமானம் தருவதாக இருக்க வேண்டும். செலவும் கணிசமாக இருக்க வேண்டும். பலர் இடறுவது இந்த மூன்றாவதில்தான். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,50,000 டாலரில் நிலத்தின் மதிப்பு 40,000 என்றால் கட்டடத்துக்கு 1,10,000. இதைவிடக் கூடுதலான தொகையை 24 மாதத்துக்குள் செப்பனிடச் செலவழித்திருக்க வேண்டும். கட்டம் கட்டமாகச் செய்வதாக முதலிலேயே வரைபடம் போட்டுத் திட்டமிட்டிருந்தால் 60 மாதம் கிடைக்கும்.

தகுதியுள்ள செலவு 4,00,000 டாலர் ஆகிறது என்று வையுங்கள். கிரெடிட் 80,000. கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த வருடம் தொடங்கி, வருடத்துக்கு 16,000 வீதம் ஐந்து வருடம். முன்பு மொத்தமாக ஒரே வருடத்தில் எடுக்க முடிந்தது, 2017-இல் வந்த வரிச் சட்டம் அதை மாற்றிவிட்டது. ஆர்க்கிடெக்ட் கட்டணம் கணக்கில் சேரும். கட்டடம் வாங்கிய விலை, புதிதாக ஒட்டிக் கட்டும் பகுதி, பார்க்கிங், தோட்டம் இவை சேராது. ஐந்து வருடத்துக்குள் விற்றால் கிரெடிட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட நேரும். முதல் வருடத்திலேயே விற்றால் முழுவதும் போகும், பிறகு நிறைவாகும் ஒவ்வொரு வருடத்துக்கும் 20 சதவீதம் குறையும்.

ஓஹையோ மாநிலமும் தனியாக ஒரு டாக்ஸ் கிரெடிட் தருகிறது. அது கேட்டவர்க்கெல்லாம் கிடைப்பதில்லை, சுற்றுச் சுற்றாக விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே மாநிலப் பணம் வராவிட்டாலும் தாக்குப்பிடிக்கும்படி உங்கள் வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் கட்டுப்படியானால் வாங்குங்கள்.

எங்கள் கட்டடம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1936-க்கு முன்பு கட்டியதற்கு 10 சதவீதம் உண்டு என்று ஒரு நண்பர் சொன்னார். பதிவு செய்தால் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டுமோ?

அந்த 10 சதவீதத்தை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. உங்கள் மாநிலத்தின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முகவரியை அனுப்பிக் கேளுங்கள். டவுன்டவுன் முழுவதுமே ஒரு வட்டாரமாகப் பதிவாகியிருந்து, உரிமையாளருக்கே தெரியாமல் இருப்பது உண்டு.

தேசியப் பதிவேட்டில் இருப்பதாலேயே சொந்தப் பணத்தில் செய்யும் வேலைக்கு யாரும் தடை போட முடியாது. கட்டுப்படுத்துவது உள்ளூர் நகராட்சியின் பாரம்பரியச் சட்டம்தான். அது உங்கள் ஊரில் உண்டா என்று நகர மன்றத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டர் வேலையை ஆரம்பித்துவிட்டார். பழைய மரச் சன்னல்களைக் கழற்றியாயிற்று. இப்போது கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?

இன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். கழற்றிய சன்னல்கள் குப்பைத் தொட்டியில் இருந்தாலும் எடுத்து உள்ளே அடுக்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் மூன்று பாகம். கட்டடத்துக்குத் தகுதி உண்டா என்பது முதல் பாகம், என்ன செய்யப்போகிறீர்கள் என்பது இரண்டாவது, சொன்னபடி செய்தீர்களா என்பது மூன்றாவது. மாநில அலுவலகம் பார்த்துக் கருத்துச் சொல்லும், முடிவெடுப்பது தேசியப் பூங்காத் துறை. வேலை நடுவில் இருக்கும்போது விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் செய்து முடித்தது விதிக்கு ஒவ்வாததாக இருந்தால் மொத்தத் திட்டமும் நிராகரிக்கப்படலாம். உள்துறைச் செயலரின் பெயரில் வெளியான பத்து விதிகளில் ஆறாவது, மாற்றுவதைவிடப் பழுது பார்ப்பதே மேல் என்கிறது. நல்ல நிலையில் இருந்த மரச் சன்னலை எடுத்துவிட்டு வினைல் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

எனக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. ஒருவர் என்னைக் கூப்பிட்டபோது சன்னல்கள் ஏற்கெனவே குப்பை லாரியில் போயிருந்தன. அவற்றின் படம் ஒன்றுகூட இல்லை. அவை கெட்டுப்போயிருந்தன என்று நிரூபிக்க எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: சுத்தியலை எடுக்கும் முன் கேமராவை எடுங்கள். ஒவ்வொரு அறை, ஒவ்வொரு சுவர், ஒவ்வொரு சன்னல், எதையும் விடாதீர்கள்.

முகப்புச் செங்கல் கறுத்துக் கிடக்கிறது, இடுக்குச் சாந்தும் உதிர்கிறது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, நல்ல சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

இரண்டுமே வேண்டாம். இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம், இந்தத் தவற்றைத் திருத்த வழியே கிடையாது.

செங்கல்லுக்குச் சூளையில் வெந்த மேல்தோல் ஒன்று உண்டு. ரொட்டிக்கு மேல்புறம் போல அதுதான் கெட்டி. மணலைப் பீய்ச்சினால் முதலில் போவது அதுதான். அழுக்கு போய்ப் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி மழைக்கு நேராக வெளியே வந்துவிடும். குறைந்த அழுத்தத் தண்ணீரும் தேவைப்பட்டால் மென்மையான சோப்பும் போதும். அதையும் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்தது சாந்து. சுவருக்குப் பக்கத்தில் போய் ஒரு சாவியால் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். பழைய சாந்து மாவு போல உதிரும், நடுநடுவே வெள்ளை வெள்ளையாகச் சிறு கட்டிகள் தெரியும். அது சரியாகக் கரையாமல் நின்ற சுண்ணாம்பு. உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தச் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருப்பது குறையல்ல. வெயிலில் செங்கல் விரிந்தால் அது விட்டுக்கொடுக்கும், சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாக வெளியேறும். தேய்வதும் அதுதான், அதைத்தான் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த இடத்தில் கெட்டி சிமென்டை அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற முடியும். ஓஹையோ, மிச்சிகன் குளிரில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் அப்படியே பெயர்ந்து விழும். சிமென்ட் மட்டும் கூடு போல நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோன சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். நூறு வருடம் நின்ற சுவர், நல்லது செய்வதாக நினைத்தவர் கையால் கெட்டது.

பழைய சாந்தின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, அதே மென்மையில், அதே மணல் நிறத்தில் கலக்கச் சொல்லுங்கள். கொத்தனார் சுண்ணாம்பில் வேலை செய்து பழக்கமில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தண்ணீர் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு என்று எவராவது விற்க வந்தால் அதுவும் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

முகப்பு முழுவதையும் அலுமினியத் தகடு மூடியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கும்?

1950, 60-களில் புறநகர்க் கடைகளுக்குப் போட்டியாக நவீனமாகத் தெரியட்டும் என்று மாட்டியவை. ஒரு தகட்டை மட்டும் கழற்றி எட்டிப் பாருங்கள். சில சமயம் சன்னல் வளைவுகள் அப்படியே இருக்கும், சில சமயம் தகடு தட்டையாக உட்கார வேண்டும் என்று மேல்விளிம்பு அலங்காரத்தைச் செதுக்கித் தள்ளியிருப்பார்கள். பழைய அஞ்சலட்டைகளும் தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்களும் உதவும். அந்த வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். முழுவதையும் கழற்றும் முன் மாநில அலுவலகத்தைக் கேளுங்கள். அந்தத் தகட்டுக்கும் இப்போது அறுபது வயதாகிவிட்டது, சில ஊர்களில் அதையே வரலாறாகக் கருதுகிறார்கள்.

கீழே கடை, மேலே நாங்களே குடியிருக்கலாமா?

இருக்கலாம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு மட்டும் கிரெடிட் கிடையாது. ஆனால் பரிசீலனை முழுக் கட்டடத்துக்கும் நடக்கும், மேல்மாடியையும் விதிப்படியே செய்தாக வேண்டும். முதலில் மேலே போகப் படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு இன்னும் நாலு அடி அகலம் வேண்டும் என்று படிக்கட்டையே எடுத்துவிட்ட கட்டடங்கள் நிறைய. அவசர வழி, தீயணைப்புத் தெளிப்பான் பற்றி நகராட்சியிடம் இப்போதே பேசிவிடுங்கள். மேல்மாடிகள் காலியாகக் கிடப்பதற்குப் பல இடங்களில் இவைதான் காரணம்.

நான் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். அந்த 80,000 டாலரையும் என் சம்பள வரியில் கழித்துக்கொள்ளலாம்தானே?

பெரும்பாலும் முழுவதும் முடியாது. வாடகைக் கட்டடத்தை வரித்துறை நேரடி ஈடுபாடு இல்லாத முதலீடாகவே பார்க்கும். 25,000 டாலர் வருமானத்துக்கு உண்டான வரி அளவுக்குத்தான் வருடத்துக்குக் கழிக்க விடும். 24 சதவீத அடுக்கில் இருந்தால் அது 6,000. திருத்திய மொத்த வருமானம் 2,00,000 டாலரைத் தாண்டினால் அதுவும் குறையத் தொடங்கி, 2,50,000-இல் ஒன்றுமில்லாமல் போகும். எடுக்க முடியாத மீதி அழிந்துவிடாது, பின்வரும் வருடங்களுக்குப் போகும். ரியல் எஸ்டேட்டே முழுநேரத் தொழிலாக உள்ளவர்களுக்கும், அதே கட்டடத்தில் சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்கும் கணக்கு வேறு. வாங்குவதற்கு முன்பே இந்தக் கிரெடிட்டில் பழக்கமுள்ள சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) ஒருவரிடம் உட்காருங்கள்.

வாங்கிவிட்டோம், ஆனால் வேலையைத் தொடங்க இரண்டு வருடம் ஆகும். அதுவரை பலகை அடித்துப் பூட்டிவைத்தால் போதாதா?

பூட்டினால் மட்டும் போதாது. டெட்ராய்ட்டில் 1913-இல் திறந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1988-இல் மூடப்பட்டது. 2018-இல் போர்டு கார் நிறுவனம் அதை வாங்கியபோது நிலவறையில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. 35 லட்சம் கேலன் இறைத்து வெளியேற்றினார்கள். ஊறிப்போன சுவர்கள் உலரக் காத்திருந்த பிறகுதான் மற்ற வேலை. 2024-இல் அது மீண்டும் திறந்தது. உங்களுக்குப் போர்டின் பணம் இல்லை, ஆகவே தண்ணீரை உள்ளே விடக்கூடாது.

முதல் செலவு கூரைக்கு. தற்காலிக ஒட்டானாலும் சரி, ஒழுகல் நிற்க வேண்டும். அப்புறம் கூரைக்கால்வாயிலும் இறக்கக் குழாயிலும் அடைத்த இலைகளை எடுத்து, தண்ணீர் சுவரோரம் நிற்காமல் வழிசெய்யுங்கள். குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் தண்ணீரை வடித்துவிடுங்கள். சன்னலுக்கு அடிக்கும் பலகையில் காற்றுப் போக்குக்குத் திறப்பு வைத்து, உள்பக்கம் வலை அடியுங்கள். காற்று நுழையாமல் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி மரம் உளுத்துப்போகும், வலை இல்லாவிட்டால் புறா வந்துவிடும். புறா எச்சம் கிடந்தால் வெறும் துடைப்பத்தோடு போகாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மாதம் ஒருமுறை, முடிந்தால் மழை பெய்யும் நாளில், டார்ச்சோடு உள்ளே போய்ச் சுற்றிப் பாருங்கள்.

நான் நகரக் குழுவில் உறுப்பினர். தனியார் கட்டடத்துக்கு ஏன் பொதுப்பணம் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இடிக்கவும் பொதுப்பணம்தான் செலவாகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கைவிட்ட கட்டடத்துக்கு வரி வராமல் போய், கடைசியில் நகராட்சியே இடித்து, காலி மனையை வைத்துக்கொண்டு நிற்கும். தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 1977-இல் இலினாயின் கேல்ஸ்பர்க், இந்தியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று ஊர்களில் மெயின் ஸ்ட்ரீட் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. செங்கல்லைச் சரிசெய்வதோடு நிற்காமல், கடைக்கு ஆள் பிடிப்பது, விழா நடத்துவது, உரிமையாளர்களை ஒன்றாக உட்காரவைப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். உங்கள் ஊரிலும் முகப்பு மானியத்தைப் பாதிக்குப் பாதியாக வைத்து, வேலை முடிந்து ரசீது காட்டிய பிறகு கொடுங்கள். உரிமையாளரின் பணமும் உள்ளே இருந்தால் வேலை நடுவில் நிற்பது குறைவு. மானியத்தைக் கூரைக்கும் அனுமதியுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். முகப்புக்குப் பெயின்ட் அடித்த கட்டடம் பின்பக்கம் ஒழுகி இடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தெருப் பக்கம் கைப்பிடிச் சுவர் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது. அடுத்த வருட விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?

காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே நகராட்சிக்குச் சொல்லி அதன் கீழே நடைபாதையை மறித்துவிடுங்கள், இந்த வாரமே பழைய செங்கல் சுவர் தெரிந்த ஸ்ட்ரக்சரல் என்ஜினியரை வரவழையுங்கள். முட்டுக்கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே மாநில அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், “ஆபத்து, தாங்குகட்டை கொடுக்கிறோம்” என்று. கழற்றியே ஆக வேண்டுமானால் செங்கல்களுக்கு எண் போட்டு உள்ளே அடுக்கி வையுங்கள்.