ப்ளெண்டர் கற்க எந்த மவுஸ், எந்த கீபோர்டு?

கேள்வி: என் மகள் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண (3டி) உருவங்கள் செய்யும் மென்பொருளைக் கற்க ஆரம்பித்திருக்கிறாள். லேப்டாப்பின் டச்பேடை வைத்துக்கொண்டு திணறுகிறாள். கடையில் மவுஸ் கேட்டால் 16,000 டிபிஐ, வண்ண விளக்கு என்று கேமிங் மவுஸாக எடுத்துக் காட்டுகிறார்கள். அவ்வளவு செலவு தேவையா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தேவையில்லை. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளிகளாகக் கணக்கெடுக்கிறது என்பதுதான் டிபிஐ. மாடலிங், அதாவது கணினியில் உருவம் செய்யும் வேலைக்கு 1000, 1600 இருந்தாலே தாராளம். விளக்கால் எந்த உபயோகமும் இல்லை.

உங்கள் மகளுக்கு வேண்டியது நல்ல நடுப்பட்டன், அதாவது சக்கரத்தையே கீழே அழுத்தினால் வேலை செய்யும் பட்டன். ப்ளெண்டரில் அதை அழுத்திப் பிடித்து இழுத்தால் காட்சி சுற்றும். ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் காட்சி பக்கவாட்டில் நகரும். கன்ட்ரோலைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாலோ, சக்கரத்தை உருட்டினாலோ கிட்டே வரும், தள்ளிப் போகும். ஒரு நாற்காலி செய்ய உட்கார்ந்தால் காலுக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும், முதுகுப் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் இடது பட்டனுக்கு இணையாக நடுப்பட்டனும் அடி வாங்கும். மலிவான மவுஸ்களில் முதலில் கைகொடுக்காமல் போவதும் இந்த இடம்தான்.

அதனால் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ப்ளெண்டரைத் திறந்ததும் நடுவில் ஒரு கனசதுரம் இருக்கும். நடுப்பட்டனைப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றட்டும். நடுவில் காட்சி திடீரென்று கிட்டே வந்தாலோ விலகிப் போனாலோ, அழுத்தும்போதே சக்கரம் உருள்கிறது என்று அர்த்தம். பிடித்திருக்கும்போதே சுற்றுவது நின்றுபோனால் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் சரியில்லை. இரண்டில் எது நடந்தாலும் வேறு மவுஸ் கேளுங்கள். அழுத்த விரலுக்குச் சிரமமாக இருக்கிறதா என்று மகள்தான் சொல்ல வேண்டும், உங்கள் விரலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சக்கரம் இடது வலதாகச் சாயும் மாடல்களில் அழுத்தும்போது பக்கவாட்டில் நழுவுவது உண்டு, கவனமாகப் பாருங்கள். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் நடுப்பட்டனே கிடையாது. வயர் உள்ளது, வயர்லெஸ் இரண்டுமே சரி.

நாளைக்கே அவள் வேறு மென்பொருளுக்குப் போனாலும் இந்தச் செலவு வீண்போகாது. ஸ்கெட்ச்அப்பில் சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் சுற்றும், ஆட்டோகேடில் அதே அழுத்தல் வரைபடத்தை நகர்த்தும், மாயாவில் ஆல்ட்டோடு மூன்று பட்டன்களுமே வேலைக்கு வரும்.

மவுஸ் வாங்கும்வரை செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் இன்புட் பகுதிக்குப் போய் ‘எமுலேட் 3 பட்டன் மவுஸ்’ என்பதை டிக் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் ஆல்ட்டும் இடது பட்டனும் சேர்ந்து நடுப்பட்டன் வேலையைச் செய்யும். ஆனால் ஒரு விளிம்பு வரிசையை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் ஆல்ட் கிளிக் இதனால் பறிபோகும், அதற்குப் பதில் இரட்டை கிளிக் செய்ய வேண்டும். தற்காலிகத்துக்கு ஓகே, பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, ப்ளெண்டர் முழுக்க இலவசம். அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ‘ஒரிஜினல் போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் 14 அங்குல லேப்டாப்பில் நம்பர் பேட் (கீபோர்டின் வலது ஓரத்தில் வரும் தனி எண் விசைகள்) இல்லை. ப்ளெண்டருக்கு அது கட்டாயம் என்கிறார்கள். பெரிய கீபோர்டு வாங்கிவிடவா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இன்றைக்கே வாங்க வேண்டாம். நம்பர் பேடில் 1 அழுத்தினால் முன்பக்கம், 3 வலப்பக்கம், 7 மேலிருந்து, 0 கேமரா வழியாக. தேர்ந்தெடுத்த பொருளைத் திரை நடுவே கொண்டுவர அங்கே இருக்கும் புள்ளி விசை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் காட்சியின் வலது மேல் மூலையில் எக்ஸ், ஒய், இஸட் என்று வண்ண உருண்டைகள் இருக்கின்றனவே, அவற்றைக் கிளிக் செய்தாலும் முன், வலது, மேல் காட்சிகள் வரும். டேப் விசைக்கு மேலே உள்ள விசையை அழுத்தினால் இதே தேர்வுகள் வட்டமாக விரியும்.

‘எமுலேட் நம்பேட்’ என்று ஓர் அமைப்பும் உண்டு, மேல்வரிசை எண்களை நம்பர் பேடாக மாற்றிவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன். பொருளின் வடிவத்தைத் திருத்தும் எடிட் மோடில் புள்ளி, விளிம்பு, முகம் என்று தேர்வு மாறுவதற்கு மேல்வரிசை 1, 2, 3 தான் கைப்பழக்கம், அது போய்விடும்.

ஒன்றிரண்டு மாதம் வேலை செய்த பிறகும் குறையாகத் தெரிந்தால் தனியாக யுஎஸ்பி நம்பர் பேட் மட்டும் வாங்குங்கள். முழு கீபோர்டை விட விலை குறைவு, பையிலும் அடங்கும். மேசையில் நிரந்தரமாக வைத்து வேலை செய்பவருக்கு மட்டும் முழு அளவு கீபோர்டு சிறந்தது. ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுதான் வேண்டும் என்றில்லை.

கேள்வி: புதுசாக வாங்கிய கீபோர்டில் ‘ஜி’ அழுத்தினால் சில நேரம் பொருள் நகர்கிறது, சில நேரம் நகரவில்லை. நம்பர் பேடும் ஏறுக்குமாறாக இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ப்ளெண்டரில் மவுஸ் சுட்டி எந்தப் பகுதியின் மேல் நிற்கிறதோ, விசை அங்கேதான் போய்ச் சேரும். சுட்டி வலப்பக்கப் பட்டியலின் மேல் நிற்கும்போது ஜி அழுத்தினால் பொருள் அசையாது. சுட்டியைக் காட்சிக்குள் கொண்டுவந்து, பொருளைத் தேர்ந்தெடுத்து, ஜி, இஸட், 2, என்டர் என்று வரிசையாக அழுத்துங்கள். பொருள் நேராக மேலே 2 மீட்டர் போக வேண்டும். ஆர் சுழற்ற, எஸ் அளவை மாற்ற, முறை இதேதான். நம்பர் பேடுக்கு ‘நம் லாக்’ (Num Lock) விளக்கு எரிகிறதா பாருங்கள். இதன் பிறகும் நோட்பேடில் ஜி விழவில்லை என்றால் மட்டும் கீபோர்டு பழுது.

கேள்வி: வாங்கிய ஒரு வாரத்தில் மவுஸின் நடுப்பட்டன் போய்விட்டது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கையை விரிக்கிறார்.
— வாசகர், சேலம்

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது வேறு, அதற்கு இந்த உரிமை கிடையாது.

நடுப்பட்டனை அழுத்திப் பிடித்தும் காட்சி சுற்றாததை, கையும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி போனில் வீடியோ எடுங்கள். வேறொரு கணினியிலும் ஒருமுறை. ‘உன் லேப்டாப்தான் பிரச்சினை’ என்ற பதில் அதோடு அடிபட்டுப்போகும். பில் நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். நிறுவன வாரண்டி இருந்தால் அந்த வழியையும் கூடவே முயலுங்கள், பல நேரம் அதுதான் சீக்கிரம் முடியும். எதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்துத் தர வேண்டும்.